அண்ணி காற்றை எடை போட்ட வாரம்

ஆகஸ்ட் 29, வெள்ளி

காலை ஏழு மணிக்கே வெயில் சுட்டது. சின்ன வெங்காயம் வரத்து அதிகம், மண்டி வாசல் வரைக்கும் மூட்டை. பாதி ஈரம். கேட்டால் "நல்லா வெயில்ல காய வெச்சேங்க" என்கிறார்கள். எந்த ஊர் வெயிலோ.

பத்து மணிக்கு அரும்பாவூரிலிருந்து அண்ணி போன்.

"தம்பி, ஒங்க மண்டியில கிராம் காட்டுற எலக்ட்ரானிக் தராசு ரெண்டு இருக்குல்ல. ஒண்ண நாளைக்கு வூட்டுக்குக் கொண்டாங்க."

"எதுக்கு அண்ணி? கல்யாணத்துக்குக் காய்கறி எடை போடவா?"

"இல்ல. ஆக்சிஜன எடை போடணும்."

சிரித்துவிட்டேன். போனில் அந்தப் பக்கம் சிரிப்பு இல்லை. "சரி அண்ணி" என்று வைத்தேன். மல்லிகாவிடம் சொன்னதற்கு, "அக்காவுக்குக் கல்யாண டென்ஷன்ல என்னமோ ஆயிப்போச்சுங்க. காத்தப் போயி யாராவது எடை போடுவாங்களா?" என்றாள். என் பெண்டாட்டிக்கும் எனக்கும் சில விஷயத்தில்தான் ஒரே கருத்து. இது அதில் ஒன்று.

நிலவரத்தை எழுதி வைக்கிறேன், தலைக்குள் வைத்தால் கனக்கிறது:

– வியாழன் கயல் கல்யாணம். அண்ணனின் ஒரே பெண். அரியலூர் மண்டபம், முகூர்த்தம் பத்தரை முதல் பன்னிரண்டு.

– அண்ணனுக்கு நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஏழு மாதமாக மூக்கில் குழாய். வீட்டில் கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின்.

– நிச்சயதார்த்தத்துக்கு மெஷினையே தூக்கிப் போனோம். கரண்டு போய் ஜெனரேட்டர் ஓடுவதற்குள் மெஷின் நின்று கத்தியது. அண்ணன் உதடு நீலம். ரெண்டு நிமிஷம்தான்.

– அதனால் இந்த முறை சிலிண்டர். டாக்டர் சம்மதம்: நிமிஷத்துக்கு நாலு லிட்டர், மேடையில் அஞ்சு. அதற்கு மேல் கூடாது.

அண்ணன் ஒரே பிடி. "என் பொண்ண நான்தான் தாரை வாத்துக் குடுப்பேன்." இதைச் சொல்லி முடிக்கவே மூன்று முறை மூச்சு வாங்கினார்.

ஆகஸ்ட் 30, சனி

தராசோடு அரும்பாவூர் போனேன். மத்தியானச் சாப்பாடு அங்கேயே. கத்தரிக்காய் கொத்சு. அண்ணி கையில் எதுவும் வீணாகாது.

பெரம்பலூர் கடையிலிருந்து வாடகைக்கு எடுத்த இரண்டு சிலிண்டரும் கூடத்தில் நின்றன. இடுப்பு உயரம் கூட இல்லை. இரண்டும் ஃபுல் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ரெகுலேட்டரை மாட்டினால் முள்ளும் ஃபுல் காட்டுகிறது.

"அந்த முள்ள நம்பாதீங்க தம்பி. போன வாரம் கரண்டு போனப்ப வெச்ச சிலிண்டர் காலியாயி பந்து கீழ எறங்கிருச்சு. முள்ளு அப்பவும் ஃபுல்லுலதான் நின்னுச்சு. தட்டுனா கூட அசையல."

பந்து என்றால் ரெகுலேட்டரோடு இருக்கும் கண்ணாடிக் குழாயில் மிதக்கிற சின்ன உருண்டை. நாலு லிட்டர் போனால் நாலில் நிற்கும். போகிற வேகத்தைச் சொல்லும், உள்ளே மிச்சம் எவ்வளவு என்று சொல்லாது. வேறு ரெகுலேட்டர் கேட்டதற்கு, திருச்சியிலிருந்து அடுத்த வாரம் வரும் என்றார்களாம். கல்யாணம் இந்த வாரம்.

அப்புறம் அண்ணி ஒரு நோட்டைத் திறந்தார். முதல் பக்கத்தில் சிவப்பு மையில்: அடர்த்தி × பருமன் = நிறை.

"ஒண்ணும் இல்ல தம்பி. ஒரு படி அரிசி எவ்ளோ எடைன்னு தெரிஞ்சா பத்து படி எவ்ளோன்னு சொல்லிருவீங்கல்ல? அடர்த்திங்கறது ஒரு லிட்டரோட எடை. பருமன்ங்கறது எத்தன லிட்டர்ங்கறது. பெருக்குனா மொத்த எடை. ஒரு லிட்டர் ஆக்சிஜன் 1.3 கிராம். இந்த சிலிண்டருக்குள்ள ஆயிரத்து ஐநூறு லிட்டர அமுக்கி வெச்சிருக்கான். அப்ப?"

"ஆயிரத்து தொள்ளாயிரத்து ஐம்பது கிராம்." மண்டிக்காரனுக்குப் பெருக்கல் நாக்கு நுனியில் இருக்கும். ஆனால் சொன்ன பிறகு எனக்கே திக்கென்றது. கிட்டத்தட்ட ரெண்டு கிலோ. காற்று!

ரெகுலேட்டரைக் கழற்றி, மூடியையும் எடுத்துவிட்டு, முதல் சிலிண்டரைத் தராசில் தூக்கி வைத்தேன். 16.54. கழுத்தில் காலி எடை குத்தியிருக்கிறது: 14.60. கழித்தால் 1.94 கிலோ. அண்ணி இப்போது தலைகீழாகப் போனார். 1940 கிராமை 1.3ஆல் வகுத்து, 1492 லிட்டர் என்று எழுதினார். நிமிஷத்துக்கு நாலு என்றால் ஆறு மணி நேரத்துக்கு மேல். "இது ஃபுல்லு" என்று சாக்பீஸால் சிலிண்டர் மேல் ஒரு டிக்.

இரண்டாவது. கழுத்தில் 14.90. தராசில் 15.52. வெறும் 620 கிராம்! முள் சொன்னது ஃபுல், கடைக்காரர் சொன்னது ஃபுல், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. யாரோ திருப்பிக் கொடுத்ததை ஃபுல் வரிசையில் வைத்திருக்கிறார்கள். இதை நம்பி அரியலூர் போயிருந்தால்? கட்டிலில் இருந்து அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "எப்டிடா... எம் பொண்டாட்டி?"

ஒரு சந்தேகம் கேட்டேன். கயலின் பழைய பாடப் புத்தகத்தில் ஆக்சிஜனுக்கு 1.43 என்று இருந்தது. அண்ணி 1.3 போடுகிறாரே?

"அது பூஜ்யம் டிகிரிக்கு தம்பி. அரும்பாவூர்ல என்னைக்கு பூஜ்யம் டிகிரி அடிச்சிருக்கு? சூட்டுல காத்து வீங்கும். வீங்குனா அதே ஒரு லிட்டருக்குள்ள எடை கொறையும். 1.43ஐ 273ஆல பெருக்கி 300ஆல வகுத்தேன். 1.3 வந்துச்சு."

அண்ணி ப்ளஸ் டூ சயின்ஸ் என்பதே எனக்கு இன்றுதான் ஞாபகம் வந்தது. நர்சிங் சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த வாரத்தில்தான் எங்கள் வீட்டிலிருந்து பெண் பார்க்கப் போனோம். பஜ்ஜி சாப்பிட்டவர்களில் நானும் ஒருவன். இருபத்தாறு வருஷம் இந்த மூளை சாம்பாருக்குப் புளி அளந்துகொண்டிருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மண்டி லீவு. சாயங்காலம் நாலு தூறல், மண் நனையவில்லை.

தலையில் அந்தக் கணக்கே ஓடுகிறது. டேப் எடுத்துப் போய்க் காலி மண்டியை அளந்தேன். நீளம் பத்து மீட்டர், அகலம் ஆறு, உயரம் நாலு. 240 கன மீட்டர். சாதாரணக் காற்று ஒரு கன மீட்டர் சுமார் 1.2 கிலோ என்று அண்ணி போனில் சொன்னார். பெருக்கினால் 288 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையில் கட்டினால் ஆறு மூட்டைக்குக் கொஞ்சம் குறைவு. இருபது வருஷமாக ஆறு மூட்டைக் காற்றுக்குள் உட்கார்ந்துகொண்டு "மண்டி காலியா இருக்கு" என்று சொல்லியிருக்கிறேன்.

மல்லிகாவிடம் சொன்னேன். "அதுக்கும் கமிஷன் புடிச்சுக்குங்க" என்றாள்.

செப்டம்பர் 1, திங்கள்

வரத்து ஜாஸ்தி. வேலைக்கு இருவர் வரவில்லை. நானே எடை கூப்பிட்டேன், தொண்டை கட்டிவிட்டது.

நடுவில் சிலிண்டர் கடைக்கு ஓடினேன், அந்த 620 கிராம் சிலிண்டரை மாற்ற. கடைக்காரர் சிரித்தார். "காத்தப் போயி எடை போட்டீங்களாண்ணே? முள்ளு ஃபுல்லு காட்டுதே." முள் செத்துப் போய்விட்டது, உனக்குக் கருமாதிப் பத்திரிகை வரவில்லையா என்று கேட்டேன். முகம் சுண்டிவிட்டது. வேறு ஒன்று கொடுத்தார். சின்ன சைஸில் இதுதான் கடைசி, வியாழனுக்குள் வேறு வராது.

மண்டிக்கு எடுத்து வந்து மூட்டைகளுக்கு நடுவிலேயே எடை போட்டேன். 16.50. கழுத்தைப் பார்த்துத் துண்டுச் சீட்டில் காலி எடை குறித்தேன், 15. மிச்சம் ஒன்றரை கிலோ. உடனே அண்ணிக்கு போன்.

"ஒன்றரையா? கொஞ்சம் கொறைவுதான். இருங்க தம்பி." பேனா சத்தம். "1154 லிட்டர். மொத சிலிண்டர்ல 1492. மொத்தம் 2646. காலைல ஆறரைக்குக் கெளம்பி, ரெண்டு மணிக்குத் திரும்பி, மூணரைக்கு வூட்ல இருந்தா, மேடைக்குக் கூட ஒரு லிட்டரோட சேத்து 2250. நானூறு லிட்டர் கையில நிக்கும். போதும் தம்பி. சிலிண்டர் அங்கயே இருக்கட்டும், நேரா வண்டியில ஏத்திக்கலாம்."

நானூறு லிட்டர் கையில் நிற்கிறது என்று அவர் சொன்ன குரலில் ஒரு நிம்மதி. ஏழு மாதமாக நான் கேட்காத குரல்.

செப்டம்பர் 2, செவ்வாய்

வெயில். பந்தல்காரர், பூக்காரர், வாழைமரம். எல்லாருக்கும் நானே போன்.

பங்காளி முறையில் பெரியப்பா ஒருவர் மண்டிக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வெங்காயம் வாங்க வரவில்லை என்று மூஞ்சியிலேயே தெரிந்தது.

"ஏம்ப்பா, மூக்குல கொழாயோட மனையில உக்கார வெச்சா மாப்ள வூட்டு சனம் என்ன பேசும்? நீயும் ஒம் பொண்டாட்டியும் உக்காந்து தாரை வாத்துக் குடுத்துருங்க. சித்தப்பன்னா அப்பன் மாதிரிதான?"

"அப்பன் உசுரோட இருக்கும்போது அப்பன் மாதிரி எதுக்குங்க?" என்றேன். இன்னும் நாலு வார்த்தை வந்தது. கல்யாண வீடு என்று விழுங்கினேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன், சர்க்கரை போடாமல்.

சாயங்காலம் அரும்பாவூர். அண்ணி எனக்கு ரெகுலேட்டர் மாற்றப் பழக்கினார். வாஷர் வைத்து, திருகி, சாவியால் மெதுவாகத் திறந்து, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழ் வருகிறதா பார்த்து. முதல் தடவை நாலு நிமிஷம். அஞ்சாவது தடவை நாற்பது நொடி. "நாப்பது நொடி ஒங்க அண்ணன் தாங்குவாரு" என்றார். வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இவர் நர்ஸாகியிருந்தால் அந்த ஆஸ்பத்திரிக்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 3, புதன்

மதியமே கயலும் மல்லிகாவும் பெண் வீட்டுக் கூட்டத்தோடு அரியலூர் மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். நான் அரும்பாவூரில் தங்கல், காலையில் அண்ணனோடு வர.

வண்டியில் ஏற்ற:

சிலிண்டர் 2 (ஒன்று மண்டியில், காலையில் போகிற வழியில் ஏற்ற வேண்டும்). ரெகுலேட்டர், சாவி, வாஷர் மூன்று. குழாய் இரண்டு. சோப்புத் தண்ணீர் டப்பா. அண்ணனுக்குப் பட்டு வேட்டி. பிளாஸ்க். தராசு.

"தராசுமா அண்ணி? ரெண்டையுந்தான் எடை போட்டாச்சே."

"ஒங்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல தம்பி. நான் பாத்த எடைதான் என் தலையில நிக்கும். இல்லன்னா மனசு அரிச்சுக்கிட்டே இருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக எடை போடுகிறவனைப் பார்த்துச் சொல்கிற சொல்லா? மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேதான் தராசை ஏற்றினேன்.

செப்டம்பர் 4, வியாழன்

மாலை நாலு மணி. அரும்பாவூர் வீடு. உள்ளே மெஷின் சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

ஆறரைக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் சிமெண்ட் லாரி. எட்டு மணிக்கு மண்டபம். அண்ணனை நாற்காலியோடு தூக்கித் தரைத்தள அறையில் உட்கார வைத்தோம். கயல் ஓடி வந்தாள். "அப்பா, வேட்டில மாப்ள மாதிரி இருக்கீங்க." அண்ணனுக்குப் பேச மூச்சு இல்லை, வெற்றிலைக் கறைப் பல் மட்டும் தெரிந்தது.

ஒன்பதே முக்கால். அய்யர் மேடையிலிருந்து, பெண்ணின் அம்மாவைக் கூப்பிடுகிறார். அண்ணி பட்டுப்புடவையோடு அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார். "தம்பி, ரெண்டாவது சிலிண்டரத் தூக்கித் தராசுல வைங்க." வெளியே ஒரு அம்மா, "பொண்ணோட அம்மா ரூம்ல போயி பூட்டிக்கிட்டா எப்டி?" என்று கத்திக்கொண்டிருந்தார்.

வைத்தேன். 16.50. "பாத்தீங்களா அண்ணி, அதே எடைதான்" என்றேன், கொஞ்சம் கெத்தாக.

அண்ணி குனிந்து கழுத்தைப் படித்தார். விரலால் தடவி இன்னொரு முறை படித்தார்.

"தம்பி, இதுல பதினஞ்சு புள்ளி ஒம்போதுன்னு போட்டிருக்கு."

நானும் குனிந்து படித்தேன். 15.90.

எங்கள் மண்டியில் ஒரு வழக்கம். காலிச் சாக்கோ, கூடையோ, டிரேயோ, கழிவு என்று பிடிப்பதை முழுக்கிலோவில்தான் பிடிப்போம். கிராமை விட்டுவிடுவோம். விவசாயிக்கு நாலு கிராம் போகட்டும் என்பதுதான். இருபது வருஷமாகக் கையில் ஊறிய பழக்கம். காலி எடை 15.90 என்று கண் பார்த்தது, கை 15 என்று எழுதியது. வெங்காய மூட்டையில் அது தர்மம். இங்கே தொள்ளாயிரம் கிராம் ஆக்சிஜனை இல்லாத இடத்தில் இருப்பதாக எழுதிவிட்டேன். உள்ளே இருந்தது 600 கிராம். அண்ணி பார்க்காவிட்டால் நாங்கள் ரெண்டு மணி வரை உட்கார்ந்திருப்போம், வழியில் எங்கேயோ பந்து இறங்கியிருக்கும்.

"அண்ணி, நான்தான்... மண்டி ஞாபகத்துல... புள்ளிக்கு அப்புறம் விட்டுட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அண்ணி நோட்டைத் திறந்து தரையில் உட்கார்ந்துவிட்டார், பட்டுப்புடவையோடு.

"சரி. இப்ப இருக்கிறத வெச்சுக் கணக்குப் போடுவோம்."

அவர் எழுதியது இது. அந்தத் தாள் என் சட்டைப் பையில் இருக்கிறது, பார்த்து எழுதுகிறேன்:

முதலாவதில் இதுவரை மூன்றேகால் மணி நேரம், 780 லிட்டர் போச்சு. மிச்சம் 712.
இரண்டாவதில் 600 ÷ 1.3 = 461.
மொத்தம் 1173.
வீடு திரும்ப ஒன்றரை மணி நேரம், 360. லாரி மறித்தால் அரை மணி, 120.
மண்டபத்துக்கு 693.
பத்தரை வரை 180. மேடையில் ஒன்றரை மணி நேரம், 450.
மீதி 63. அஞ்சு லிட்டரிலேயே போனால் பன்னிரண்டு நிமிஷம்.

"பன்னண்டு பத்துக்கு வண்டி கெளம்பணும்" என்றார்.

"அரியலூர்ல எங்கயாவது கெடைக்கும் அண்ணி. ஓடிப் போயி வாங்கிட்டு வரேன்."

"போங்க. கெடச்சா நல்லது. ஆனா கையில வராத சிலிண்டர நான் கணக்குல சேக்க மாட்டேன்."

ஓடினேன். முதல் இடம் பூட்டு. இரண்டாவது இடத்தில் ஆள் உயரச் சிலிண்டர், எங்கள் ரெகுலேட்டர் அதில் ஏறவில்லை. பத்து இருபத்தைந்துக்கு வெறுங்கையோடு திரும்பினேன். அண்ணி என் கையைக்கூடப் பார்க்கவில்லை. அதற்குள் சம்பந்தியிடம் பேசி முடித்திருந்தார். கடையில் சரியாக நிரப்பவில்லை, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று மட்டும். நிரப்பாததும் உண்மைதான். என் பேரை எடுக்கவில்லை. சம்பந்தி நல்ல மனுஷர். "ஒண்ணும் கவலப்படாதீங்கம்மா, வாழ்த்து, போட்டோ எல்லாம் அவரு போனப்புறம் வெச்சுக்கலாம்" என்று அய்யரிடம் போய் நின்றுகொண்டார்.

மேடை. அண்ணன் மனையில். பின்னால் சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு நான். பந்து அஞ்சில். பேச வேண்டியவர்கள் பேசியிருப்பார்கள், என் காதில் விழவில்லை. தாரை வார்க்கும்போது அண்ணன் கை நடுங்கியது. அண்ணி கீழே தன் கையைக் கொடுத்துத் தாங்கினார். தண்ணீர் சிந்தாமல் கயல் கை மேல் விழுந்தது. அண்ணன் அழவில்லை, சிரித்தார். நான்தான் அழுதேன், பந்தைப் பார்க்கிற சாக்கில் குனிந்துகொண்டு.

தாலி ஏறியது. பன்னிரண்டு மணி. பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு வாசல் வரை வந்தார்கள். பெண்ணை வழியனுப்ப வேண்டிய அப்பனைப் பெண் வழியனுப்பினாள். "நீங்க மொதல்ல போங்கப்பா. நான் நாளான்னைக்கு வரேன்" என்று கார் கதவைச் சாத்தினாள்.

அண்ணி ஏறுவார் என்று இடம் விட்டு உட்கார்ந்தேன். ஏறவில்லை. ஜன்னல் வழியாக அந்தத் தாளை என் கையில் கொடுத்தார்.

"நீங்க கூட்டிட்டுப் போங்க தம்பி. நான் கயலோட இருக்கேன். பொண்ணு கெளம்பும்போது யாராவது ஒருத்தர் இருக்கணும்."

"நானா அண்ணி?"

"பன்னண்டு பத்து. கெளம்புங்க."

அரியலூர் தாண்டும்போது பந்து இறங்க ஆரம்பித்தது. மணி 12.16. ரெகுலேட்டரைக் கழற்றி, வாஷர் வைத்து, திருகி, திறந்தேன். முப்பத்தெட்டு நொடி. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு என் முழங்காலைப் பிடித்திருந்தார். 461ஐ நாலால் வகுத்தேன். 115 நிமிஷம். இரண்டு பதினொன்றுக்கு நிற்கும்.

பெரம்பலூருக்கு முன்னால் ஒரு லாரி குறுக்கே நின்றது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். இறங்கிப் போய் அந்த லாரிக்காரரிடம் நான் பேசியதை இங்கே எழுத முடியாது. நகர்த்தினார்.

வீட்டு வாசலில் 1.48. மெஷினைப் போட்டுக் குழாயை மாற்றினேன். அண்ணன் படுத்ததும் முதல் வேலையாக ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு அந்தச் சிலிண்டரைத் தராசில் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் கழுத்தைத் தொட்டு, எழுத்து எழுத்தாகப் படித்தேன். 15.90. தராசில் 16.02.

போன் போட்டேன். மேளச் சத்தம்.

"அண்ணி, வந்துட்டோம். அண்ணன் நல்லா இருக்காரு. பதினாறு புள்ளி பூஜ்யம் ரெண்டு. கழுத்துல பதினஞ்சு புள்ளி ஒம்போது பூஜ்யம்."

"நூத்தி இருவது கிராம்" என்றார் உடனே. "தொண்ணூத்தி ரெண்டு லிட்டர். இருவத்தி மூணு நிமிஷம் மிச்சம்." அப்புறம், "அவருக்கு ரசஞ்சோறு குடுங்க தம்பி" என்று வைத்துவிட்டார்.

செப்டம்பர் 5, வெள்ளி

மேகமூட்டம். மண்டிக்குப் போகவில்லை. உடம்பெல்லாம் வலி.

அண்ணி மண்டபத்துப் பலகாரப் பாத்திரங்களோடு காலையில் வந்து சேர்ந்தார். கயல் போகும்போது அழவில்லையாம், மாப்பிள்ளைதான் கண்ணைத் துடைத்தாராம். அண்ணனுக்கு லட்டை உதிர்த்து ஊட்டினார். அண்ணன் ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்திருந்தார். "பொண்ணக் குடுத்துட்டேன்டா" என்று காலையிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டார்.

ராத்திரியெல்லாம் என்னை அரித்த ஒன்றை அண்ணியிடம் கேட்டுவிட்டேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணி, நான் அவ்ளோ பெரிய தப்பு பண்ணியிருக்கேன். அது தெரிஞ்சும் எப்டி அண்ணன என் கையில குடுத்து அனுப்புனீங்க? அங்க எத்தன பேரு இருந்தாங்க. ஒரு வாத்தியாரு கூட இருந்தாரு."

அண்ணி குண்டானைக் கவிழ்த்து வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தார்.

"அந்த மண்டபத்துல ஐநூறு பேரு இருந்தாங்க தம்பி. எல்லாரும் அந்தத் தப்ப இனிமேதான் பண்ணணும். பண்ணி முடிச்ச ஆளு நீங்க ஒருத்தர்தான்."